குச்சி தங்கை வீட்டுக்குப் போனது

வேலை செய்யும் இடத்தில் அவரை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தபோது, வேறு யாரும் நுழைய முடியாத சந்துக்குள் தோளைச் சாய்த்து உள்ளே போய் போல்ட்டை முடுக்கிவிட்டு வருவார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு உடம்பு தொண்ணூற்றாறு கிலோவைத் தொட்டது, பெயர் மட்டும் பெருக்கவேயில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், "குச்சி அண்ணன்னு ஒருத்தரைப் பார்க்கச் சொன்னாங்க, எங்க இருக்காரு?" என்று அவரிடமே கேட்பார்கள்.

ஐம்பத்தொரு வயதில் ஒரு நாள், பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர் அவரை மெல்லக் கீழே இறக்கி நேராக மருத்துவரிடம் கொண்டுபோனார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தன.

அந்த மருத்துவர் பயமுறுத்துகிற ஆள் இல்லை. ஒரு தாளில் தட்டு மாதிரி வட்டம் போட்டார். நடுவில் கோடு கிழித்தார். "இந்தப் பாதி முழுக்க காய்கறி. மிச்சத்துல ஒரு பங்கு சோறோ ரொட்டியோ. இன்னொரு பங்கு பருப்பு, முட்டை, மீன், எது வேணா. நேரத்துக்குச் சாப்பிடுங்க. நடங்க. அவ்வளவுதான்," என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அளவு என்றால் உயிர். மாடித் தரையைவிட லிஃப்ட் ஒரு விரல் அகலம் ஏறி நின்றாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். குச்சி அந்த வட்டத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பதினோரு மாதம் கோட்டைத் தாண்டவில்லை. எண்பத்துமூன்று கிலோவுக்கு இறங்கினார். இடுப்பு பெல்ட்டில் மனைவி ஆணியால் மூன்று புது ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பதினோரு மாதமும் அவர் தங்கை வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தங்கை ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. தினமும் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவள். வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்தாலும் கை கேன்டீன் கணக்கில்தான் அள்ளும். அவள் வீட்டில் போதும் என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள்.

"சொந்த வீடு வாங்கிக் குடிவந்து ஆறு மாசம் ஆச்சு. ஊர் உலகமே வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. கூடப்பிறந்தவன் மட்டும் வரல. வர்றதா இல்லையான்னு சொல்லிடு."

"வரேம்மா. பத்து நாள் லீவு போட்டுட்டு வரேன். எனக்குக் கொஞ்சம் சர்க்கரை இருக்கு, அதனால..."

"யாருக்குத்தான் இல்ல? நீ வா," என்று போனை வைத்துவிட்டாள்.

மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. வேகவைத்த முட்டையும் வெள்ளரிக்காயும் ஒரு பிடி வேர்க்கடலையும் டப்பாவில் அடைத்துக் கொடுத்தபடி, "ரயில் வரைக்கும் நான் பொறுப்பு. அதுக்கப்புறம் உங்க வட்டத்தை நீங்கதான் காப்பாத்தணும்," என்றாள்.

ஒன்பது மணி நேர ரயில் பயணம் சுலபமாகவே கழிந்தது. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் பொரித்த பண்டங்களை நீட்டியபோது ஒரு ஆரஞ்சுச் சுளையை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

சிக்கல் தங்கையின் நான்காவது மாடி வீட்டில் தொடங்கியது. முதல் நாள் மதியம் தட்டில் சோறு குன்று மாதிரி விழுந்தது. இரண்டாவது கரண்டிக்குக் கையைக் குறுக்கே வைத்தார்.

"போதும்மா."

"என்ன போதும்? இப்பத்தான் தட்டு ஈரமாச்சு."

பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தார். அவள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேன்டீனில் திரும்பி வருகிற தட்டைப் பார்த்தே, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை என்று சொல்லக்கூடியவள். அண்ணனுடைய தட்டில் அவள் என்ன படித்தாளோ, முகம் சுண்டிப்போயிற்று. ராத்திரியும் அதே கதை. மறுநாளிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மூடிகள் மட்டும் டமார் டமார் என்று விழுந்தன.

அவள் கணவர் தபால்காரர், நல்ல மனிதர். பால்கனிக்குக் கூட்டிப்போய் ரகசியமாகச் சொன்னார்: "மச்சான், அவ வாயை மூடிட்டு பாத்திரத்தைப் பேச விட்டா விஷயம் பெருசுன்னு அர்த்தம்."

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. நடக்கச் சொன்னார்களே என்று குச்சி தினமும் நான்கு மாடியும் படியிலேயே ஏறி இறங்கினார். வந்திருப்பவர் லிஃப்ட் மெக்கானிக் என்பது அதற்குள் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு வயதானவர்கள், எல்லோரும் மூச்சிரைக்கப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதவைத் தட்டினார்.

"சார், எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. நம்ம லிஃப்ட்ல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லையே. கதவுச் சத்தத்தைக் கேட்டா உருளையில கொஞ்சம் தூசு, அவ்வளவுதான்."

"அப்ப நீங்க ஏன் அதுல ஏறவே மாட்டேங்கறீங்க?"

குச்சியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. செயலாளரைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் மேலும் கீழும் மூன்று முறை போய்வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தபோது உள்ளே நிற்பவரை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் படிக்கட்டு காலியாகிவிட்டது. தங்கைகூட அன்று லேசாகச் சிரித்தாள். ஆனால் பேசவில்லை.

நான்காம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்தே அடுப்படியில் நின்று சமைத்தாள். சாப்பிட உட்கார்ந்தால் நெய் மிதக்கிறது, பொரித்தது இரண்டு வகை, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய இனிப்பு. இதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? குச்சி வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"எனக்குப் பசிக்கலம்மா."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொய்யை இன்னும் நீ விடலயா அண்ணா?"

அவருக்கு முதலில் புரியவில்லை.

"அப்பா போனதுக்கப்புறம் அம்மா ஒரு டம்ளர் அரிசிதான் போடுவாங்க. நீ பசிக்கலன்னு சொல்லி உன் தட்டை என் பக்கம் தள்ளுவ. அஞ்சு வயசுல நான் அதை நம்பினேன். எட்டு வயசுல பொய்யுன்னு தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் சாப்பிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இன்னைக்கு முந்நூறு பேருக்கு வயிறு நிறைய போடறேன். உனக்கு ஒருத்தனுக்குப் போட முடியல."

அவள் சின்னப் பிள்ளை, அதெல்லாம் நினைவிருக்காது என்றுதான் குச்சி இத்தனை வருடமும் நினைத்திருந்தார். தபால்காரர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

"அப்ப சொன்னது பொய்தான்," என்றார் குச்சி. "இப்ப சொன்னதும் பொய்தான். காலையில இருந்து இந்த வாசனைக்குக் குடல் கத்துது. ஆனா நீ செஞ்சது எனக்கு ஆகாதும்மா." பிறகு மோட்டார் அறையில் நடந்ததைச் சொன்னார். கவலைப்படுவாள் என்று அதுவரை அவளிடம் வாயே திறக்காத விஷயம்.

"பன்னெண்டாவது மாடியில மயங்கி விழுந்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"விழல. உட்கார்ந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கேன்டீன்ல நாப்பது பேருக்குச் சர்க்கரை. அவங்களுக்குன்னு தனி அடுப்பே வச்சிருக்கேன். அவங்களுக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியாதா? நீயும் அந்த வரிசையில சேர்ந்துட்டன்னு ஒத்துக்கத்தான் மனசு வரல."

மறுநாள் மேசை வேறு மாதிரி இருந்தது. மிளகும் எலுமிச்சையும் தடவி ஆவியில் வேகவைத்த மீன், பூண்டு தட்டிப் போட்ட கீரை, பல்லில் நறுக்கென்று கடிபடுகிற பக்குவத்தில் பீன்ஸ், ஒரு கைப்பிடி சோறு. அவளுக்கு இருந்த கைமணம் எதிலும் குறையவில்லை. குச்சி தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். கீரை தீர்ந்ததும் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அவள் வாழ்நாளில் அண்ணன் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். பிறகு அடுப்பைத் துடைக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். துடைக்க அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

தபால்காரர் தன் தட்டைப் பார்த்தார். "மச்சான் ஊருக்குப் போற வரைக்கும் எனக்கும் இதுதானா?"

"போன பிறகும் இதுதான்," என்றாள் அவள், திரும்பாமலே.

மிச்ச நாட்கள் நன்றாகவே போயின. சாயங்காலத்தில் அண்ணனும் தங்கையும் கடைத்தெரு வழியாக ஆற்றுப் பாலம் வரை நடந்தார்கள். அம்மாவைப் பற்றி, தங்கையின் மேலதிகாரியுடைய கஞ்சத்தனத்தைப் பற்றி, வீட்டுக்குப் பூச வேண்டிய நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். எட்டாம் நாள் தபால்காரரின் பிறந்தநாள். குச்சி கேக்கில் ஒரு துண்டு வாங்கினார். முகத்தைச் சுளிக்காமல், சாக்குச் சொல்லாமல், மெதுவாக ரசித்துச் சாப்பிட்டார். அன்று பாலத்தைத் தாண்டி அக்கரை வரை நடந்தார்கள்.

ஊர் திரும்பிய வாரம் பரிசோதனைக்குப் போனார். எடை அரைக் கிலோ கூடியிருந்தது. சர்க்கரை போன தடவை இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. மருத்துவர், "பத்து நாள் வெளியூர்ல இருந்துட்டு வந்த ஆள் மாதிரியே தெரியலையே," என்றார்.

"வெளியூர்ல எங்க இருந்தேன், தங்கச்சி வீட்டுலதான் இருந்தேன் டாக்டர்," என்றார் குச்சி.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை போகிறார். போன தடவை மனைவியையும் அழைத்துப் போனார். அடுப்படியில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பேச்சு முடியவேயில்லை. தபால்காரரும் அவரும் வெளியே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார்கள். தபால்காரருடைய துண்டுகள் கோணல் மாணலாக இருந்தன. குச்சி நறுக்கியவை எல்லாம் ஒரே நீளம்.