மரவள்ளியின் மேல் போட்ட பழி

என் அம்மா மரவள்ளிக்கிழங்கைத் திட்டாத செத்தவீடு எங்கள் கரையில் கிடையாது. யார் எதனால் செத்திருந்தாலும் சரி, அழுகை ஓய்ந்து தேத்தண்ணி வரும் நேரம் பார்த்துத் தொடங்கிவிடுவார். இடம்பெயர்ந்து திரிந்த மாதங்களில் வேறொன்றும் கிடைக்காமல் மூத்தவளுக்கு மரவள்ளியை அவித்து அவித்துக் கொடுத்தேன், அது அவளுடைய வயிற்றில் கல்லாகிவிட்டது, என் கையாலேயே பிள்ளையைக் கொன்றேன் என்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துக் கிடப்பவரை விட்டுவிட்டு எல்லாரும் அம்மாவைத் தேற்றத் தொடங்குவார்கள்.

மூத்தவள் என்றால் என் அக்கா. எனக்கு ஏழு வயது மூப்பு. முகாமில் இருக்கும்போதே சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். எல்லாருக்கும் ஏதோ ஒரு நோவு இருந்த இடத்தில் அவளுடைய நோவை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னாருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோதுதான் கணையம் என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பாம். சாப்பாட்டைக் கரைப்பதும் இன்சுலின் சுரப்பதும் அதன் வேலையாம். அக்காவுடையதில் கல் கல்லாக அடைத்து, மிச்சம் சுருங்கிப்போயிருந்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கொழுத்த கிழவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்த எங்கள் ஊரில், எலும்பும் தோலுமாக இருந்த இருபத்துநாலு வயதுக்காரி காலையும் மாலையும் ஊசி போட்டாள்.

ஆஸ்பத்திரியில் படிக்கிற டொக்டர் ஒருவர் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, இடம்பெயர்ந்த காலத்தில் மரவள்ளி நிறையச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அந்தக் கிழங்கின் மேல் முன்பு ஒரு சந்தேகம் இருந்ததாம். அம்மா ஓம் என்றார். அன்றைக்கு அதோடு சரி. அதன் பிறகும் வீட்டில் மரவள்ளி அவிந்தது, நாங்கள் சாப்பிட்டோம். அக்கா செத்த பிறகுதான் அம்மாவுக்கு அது நஞ்சாயிற்று.

திரும்பி வந்த எங்களுக்கு இருந்தது நாலு பக்கமும் தகரம் அடித்த ஒற்றை அறை. அப்பா போரின் கடைசி மாதங்களிலேயே ஷெல்லில் போய்விட்டார். கரன்ட் வரவில்லை. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்று சொன்ன தாதி, குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்களுக்கு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, அதில் போத்தலை வைத்து ஈரத்துணியால் மூட வேண்டும். அம்மா விடிய எழும்பி அந்த மணலை நனைத்துவிட்டுத்தான் மீன் காயப்போடும் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போவார்.

எனக்கு அந்தப் பானையில் நம்பிக்கை இல்லை. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே எங்களுக்கே மூச்சு முட்டியது. ஊரில் உண்மையான குளிர் ஒரு இடத்தில்தான் இருந்தது: மீன் வாங்கும் சம்மாட்டியின் ஐஸ் பெட்டி. மன்னாரிலிருந்து லொறியில் கட்டி கட்டியாக ஐஸ் வரும். உடைத்துப் போட்டு, குளிர் கூடட்டும் என்று உப்பும் தூவுவார்கள். நான் மீன்பிடிக்காரரின் மகள். மீன் எவ்வளவு ஆழமாக ஐஸுக்குள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது எனக்குச் செபத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடம். மீனுக்கு நல்லது மருந்துக்குக் கூடாதா? புதிதாகக் கொடுத்த போத்தலை ஷொப்பிங் பையில் சுற்றி, சம்மாட்டியின் மனுசியிடம் கேட்டுப் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன், அதுவும் பெருமையாக. பதினேழு வயதில் என்னைவிடக் கெட்டிக்காரி ஊரில் இல்லை என்பது என் நினைப்பு.

அடுத்த நாள் போத்தல் கல்லாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கினேன். எப்போதும் குலுக்கினால் ஒரே பாலாகக் கலங்கும் மருந்தில், ரவை மாதிரி வெள்ளைத் துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்காவும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குலுக்கு என்றாள். குலுக்கினேன். அம்மா வாடியில் இருந்ததால் ஊசி போடுவது என் வேலை. போட்டேன். மீதியைத் திரும்பவும் ஐஸுக்குள் கொண்டுபோய் வைத்தேன், பிறகு எடுத்தேன், போட்டேன்.

அக்கா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் என்று நினைத்துக் குடம் குடமாகக் கொடுத்தேன். பிறகு எழும்பவே முடியாமல் படுத்துவிட்டாள். கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னாள். அம்மா ஓட்டோ பிடித்து, மருந்துப் போத்தல், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு பாலம் தாண்டி மன்னாருக்குப் போனார். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுவிட்டுப் போனார்கள். சீனி உச்சத்துக்கு ஏறி, உடம்பு வற்றிப்போய், மூன்றாம் நாள் அக்கா பெட்டியில் வந்தாள்.

அந்தச் செத்தவீட்டில்தான் மரவள்ளிப் பேச்சு தொடங்கியது.

நான் உயிரியல் படித்ததே அந்தக் கிழங்கின் மேல் இருந்த கோபத்தில்தான். கம்பஸ் முடித்து, இன்னும் படித்து, வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். அக்காவுக்கு இருந்த வருத்தம் உள்ள நோயாளிகள் கொஞ்சம் இரத்தம் கொடுப்பார்கள். அந்த இரத்தத்தின் செல்களைப் பின்னோக்கி நடத்தி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக்குவோம். பிறகு வாரக்கணக்கில் மருந்தும் ஊட்டமும் கொடுத்துக் கணையமாக வளரச் சொல்வோம். சொன்னபடி கேட்டால், செல்களைப் பதித்து வளர்க்கும் கூழ்த் துளிக்குள் கடுகை விடச் சிறிய உருண்டைகள் கிடைக்கும். ஒர்கனொயிட் என்று பெயர். உள்ளே குழாய் இருக்கும், சாறு சுரக்கும். எங்கே பிழைக்கிறது என்று அந்தக் குட்டிக் கணையத்தில் தேடலாம். பக்கத்து மேசையில் இதே வழியில் இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்தார்கள். முதல் தடவை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, பிந்திப் பிந்தி இதெல்லாம் யாருக்கு என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்தக் கூழ் சூட்டில் இறுகிவிடும் என்பதால் எந்த நேரமும் என் மேசையில் ஐஸ் பெட்டி இருக்கும். செல்களை உறைய வைத்துச் சேமிப்பதும் என் பொறுப்பு. அதற்கென்று ஒரு மருந்தைக் கலந்து, மெதுமெதுவாகக் குளிரை இறக்க வேண்டும். பக்குவம் தெரிந்தால் உறைந்த செல் வருடங்கள் கழித்தும் எழும்பும். அதில் எனக்கு நல்ல பேர்.

ஒருநாள் எங்கள் பொறுப்பாளர் குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த ஒரு போத்தலை எடுத்தார். அடுத்த அறை ஆய்வில் எலிகளுக்குப் போடுவதற்காக வைத்திருந்த இன்சுலின். உறைந்து, பிறகு இளகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடியில் ரவை மாதிரி வெள்ளைத் துணுக்குகள். ஒருமுறை உறைந்த இன்சுலினை நம்ப முடியாது, ஊசியில் ஏற்றினால் தண்ணீர் போடுவது போலத்தான் என்று புதிய மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, குப்பையில் போட்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தேன். நான்தான். மரவள்ளியும் இல்லை, ஆண்டவரும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை ஊருக்குப் போனேன், சொல்லவில்லை. அம்மா செத்தவீடுகளில் தன்னையே குற்றவாளியாக்குவதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தேன். பழி வேறெங்கோ கிடப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

நாலாம் தடவை, ஆத்துமாக்கள் திருநாளுக்குப் போயிருந்தேன். அக்காவின் குழிக்கு மெழுகுதிரி கொளுத்தியபோது, புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமியிடமும் அம்மா கிழங்குக் கதையைத் தொடங்கினார். இந்த மனுசி சாகும்வரை இதைச் சுமக்கப்போகிறாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன் என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: மரவள்ளி செய்ததாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை, இந்த வருத்தக்காரர் பலருக்குப் பிறப்பிலேயே மரபணுவில் ஒரு பிழை இருக்கிறது, என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

அம்மா வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பிறப்பிலே எண்டால் என்ரை இரத்தத்திலையிருந்து வந்ததுதானே என்று கேட்டார். அம்மாவைக் கிழங்கிலிருந்து மீட்டெடுத்து இரத்தத்துக்குள் தள்ளிவிட்டேன். இனி ஒளிக்க இடமில்லை.

"வருத்தம் வந்தது வேறை, அவ செத்தது வேறை அம்மா. மருந்தை நான்தான் சம்மாட்டியின்ரை ஐஸுக்குள்ளை வைச்சனான். அது உறைஞ்சு பழுதாப்போச்சுது."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்," என்றார்.

அம்மா மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போத்திலை டொக்டர் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தவர். இது உறைஞ்சிருக்கு, எங்கை வைச்சனீங்கள் எண்டு கேட்டவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உன்ரை அக்காவுக்கு அப்ப கொஞ்சம் நினைவு இருந்தது, ஐஸ் பெட்டிக் கதையை அவள்தான் சொன்னவள். என்ரை கையைப் பிடிச்சு, தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா எண்டவள். பிறகு அவள் கதைக்கேல்லை."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"செத்தவீட்டிலை சனம், என்னண்டு செத்தவள் எண்டு கேட்டுது. நீ பக்கத்திலை நிண்டனி. வாயிலை வந்தது அந்தக் கிழங்குதான். ஒருக்காச் சொன்னால் நீ நம்பமாட்டாய், தோண்டுவாய். அதுதான் போற இடமெல்லாம் சொன்னனான்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. அடுப்பில் தீ அணையப்போகிறது, ஊது என்றார்.

இரண்டு நாள் கழித்து மேற்குத் தெருவில் ஒரு சாவு. அம்மாவோடு நானும் போனேன். தேத்தண்ணி வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலை என்று தொடங்கி, அவித்து அவித்துக் கொடுத்ததில் கொண்டுவந்து முடித்தார். பக்கத்தில் இருந்த ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் இதுதானே பிள்ளை படிக்கிறீர். உண்மையா அந்தக் கிழங்குதானோ?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன். "மரவள்ளிதான்."