மாப்பிள்ளையிடம் கேட்காத கடிதம்

பல் எடுத்த ஐந்தாவது வாரம், காலையில் வாய் கொப்பளிக்கும்போது நாக்கில் ஏதோ குத்தியது. கீழ்த்தாடையில் இடப்பக்கம், பல் இருந்த குழியின் ஓரத்தில் கூரான ஒரு முனை. கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் கலந்த வெள்ளையில், அரிசி மணி அளவுக்குத் தெரிந்தது. வலி இல்லை. அதனாலேயே பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடந்த தவறில் என் பங்கும் உண்டு.

எனக்கு அறுபத்து மூன்று வயது. தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். நடந்து போகும் தூரத்தில் நான்கு பல் கிளினிக்குகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கடந்து, ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து கெப்பாலா பத்தாஸுக்குப் போனேன். அங்கே கிளினிக் வைத்திருப்பவர் என் அண்ணன் மகள் கவிதாவின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. பல் வலித்தால் அவரிடம்தான் போக வேண்டும் என்று குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. வேறு எங்கும் போனவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

பல் எடுத்த அன்று கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன நோய், என்ன ஒவ்வாமை, என்ன மருந்து. மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, எலும்புப்புரை நோய்க்கு (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையில் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிட வேலை. தடுப்பூசியைப் போல அது மனதில் பதிந்திருந்தது, மருந்தாகத் தோன்றவில்லை. பத்திரிகையில் பல ஆண்டுகள் நீதிமன்றச் செய்திகள் எழுதியவள் நான். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளையும் கேட்கவில்லை. படிவத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க நல்ல ஹெல்த்தி லா அத்தை. கவிதாவுக்குத்தான் எப்பப் பாத்தாலும் தலைவலி” என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். “ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும். அது வரைக்கும் உதட்டக் கடிச்சிக்காதீங்க.” பல் சுலபமாக வந்தது. உதடும் சொன்ன நேரத்தில் சரியானது. அவர் கை சுத்தமான கை. அதையும் சொல்ல வேண்டும்.

முனை தெரிந்ததும் மறுபடி போனேன்.

“சின்ன எலும்புத் துண்டுதான் அத்தை. அதுவா விழுந்துடும்.”

“ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சே மாப்பிள்ளை.”

“வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குழியைக் கழுவி, ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி) கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கழுவினார். முனை பெரிதாகியிருந்தது. வாயில் வாடை வர ஆரம்பித்தது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளப் பழகினேன்.

ஒன்பதாவது வாரம் கவிதாவுக்குப் போன் செய்தேன். வாய், தாடை அறுவை மருத்துவரிடம் (பல் மருத்துவம் படித்தபின் வாய், தாடை, முக எலும்பு அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவர்) காட்ட விரும்புகிறேன், மாப்பிள்ளை ஒரு பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று கேட்டேன்.

“கேட்டா உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரு அத்தை. வீட்டுக்கு வந்து என்கிட்டதான் பேச மாட்டாரு. இப்ப அவங்க அம்மாவும் இங்கதான் இருக்காங்க. ‘உங்க ஆளுங்களே நம்பல, ஊர்ல எவன் நம்புவான்’னு ஆரம்பிச்சிடுவாங்க. கொஞ்ச நாள் பொறுங்க லா.”

அன்றே சுங்கை பாக்காப்பிலிருந்து அண்ணன் அழைத்தார். “ஒரு பல்லுக்காக என் மக வீட்டுல சண்டைய மூட்டி விடாத. கோர்ட்டுல வக்கீலுங்க பேசுறதக் கேட்டுக் கேட்டு நீயும் அப்படியே ஆயிட்ட.”

பொறுத்தேன். கவிதாவுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் கேட்கக் கூசினேன் என்பதும் உண்மை.

பன்னிரண்டாவது வாரம், வழக்கமான கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டிஷ்யூவை நீட்டினார். “அக்கா, தே ஒழுகுது. சட்டையெல்லாம் ஆயிடுச்சு பாருங்க.” சூடான தேநீர் இடப்பக்க உதட்டிலிருந்து மோவாய் வழியாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. உதட்டைத் தொட்டேன். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அரசாங்கப் பல் கிளினிக்குக்கு நடந்தேன். பதினைந்து நிமிட நடை. அங்கிருந்த இளம் மருத்துவர் வாய்க்குள் பார்த்தார், பஞ்சால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், உட்கார்ந்து கடிதம் எழுதினார். என் பெயரைக்கூடப் படிவத்தைப் பார்த்துத்தான் சொன்னவர் அவர். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

அறுவை மருத்துவர் நடுவயதுச் சீனப் பெண்மணி. மலாயில் பேசினார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன், மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“ஊசி? மாதத்துக்கு ஒன்றோ, ஆண்டுக்கு ஒன்றோ, எதுவானாலும்?”

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தாடை எலும்பு நசிவு (எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்துபோவது) என்றார். அந்த ஊசி எலும்பு கரைவதைத் தடுக்கிறது. அதே காரணத்தால், பல் எடுத்த இடத்தில் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது அரிதாகச் சிலருக்கு நின்றுபோகிறது. ஊசி போடுபவர்கள் பல்லே எடுக்கக் கூடாது என்றில்லை. எலும்பு மருத்துவரிடம் பேசி, ஊசித் தேதியைப் பார்த்து, எடுக்க வேண்டும்.

“இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?”

“பல் எடுத்தவர் எங்கள் குடும்பத்து மாப்பிள்ளை.”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். “எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்” என்றார்.

முழு மயக்கம் கொடுத்து, இறந்த எலும்பை நீக்கி, ஈறை இழுத்துத் தைத்தார்கள். பக்கத்திலிருந்த இரண்டு பற்களும் போயின. ஆறு வாரம் கஞ்சி குடித்தேன். புண் ஆறியது. உதட்டு உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வரவில்லை. ஊசியை நானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு என்றும் எச்சரித்தார். ஆகவே அதே ஊசியை, இரண்டு மருத்துவர்களும் பேசி வைத்த தேதிகளில், இப்போதும் போட்டுக்கொள்கிறேன்.

பல் எடுத்த குழியில் எலும்பு தெரிந்தால், உதடோ மோவாயோ மரத்துப்போனால், வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், அறுவை மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். உடம்பில் ஏறும் ஊசி எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். மருத்துவரைத் தேடும்போது, படிவத்தில் இல்லாததையும் கேட்பவரா என்று பாருங்கள். கேள்வி கேட்டால் உறவு கெடும் என்று நீங்கள் அஞ்சும் ஒருவரிடம் போகாதீர்கள்.

நான் மருத்துவமனையில் இருந்தபோது அண்ணன் வந்தார். “மாப்பிள்ளை ஃபாரத்த எடுத்துக் காட்டினாரு. இல்லன்னு நீதான எழுதியிருக்க?” ஆமாம், நான்தான். மாப்பிள்ளை வரவில்லை. கவிதா வந்து, கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இப்ப ஃபாரத்துல ஊசின்னு தனியா ஒரு லைன் போட்டுட்டாரு அத்தை.” அவர் வீட்டிலிருந்து எனக்கு வந்த பதில் அது மட்டும்தான்.

உதட்டின் இடப்பாதி இப்போது எப்போதும், மரப்பு ஊசி போட்ட சில நிமிடங்களில் இருப்பது போல இருக்கிறது. தடித்து, யாருடையதோ போல. காலையில் எழுந்ததும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகியும் சரியாகவில்லையே என்று ஒரு கணம் தோன்றும். பிறகுதான் எந்த ஆண்டில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும்.

போன மாதம் கவிதாவின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். விருந்தில் வலப்பக்கமாகவே மென்று, மெதுவாகச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை ரச வாளியுடன் வரிசையில் வந்தார். “அத்தைக்கு இன்னும் கொஞ்சம்?” என்றார், என் இலையைப் பார்த்து. “போதும் மாப்பிள்ளை” என்றேன். அவர் நகர்ந்ததும், எதிரே நின்ற கவிதா யாரும் கவனிக்காதபடி தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். இது எங்கள் இருவருக்குள்ளும் ஏற்பட்டுவிட்ட ஏற்பாடு. கைக்குட்டையால் துடைத்தேன். ஒரு சோற்றுப் பருக்கை வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.