அவருக்கு நினைவில்லாத நிக்காஹ்

என் கணவர் விழுந்தது பாலத்தின் கிண்ணியாப் பக்க முனையில். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டது. கையில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, காதுக்கு மேலே ஒரு வீக்கம், அவ்வளவுதான். இரத்தம்கூட அதிகம் போகவில்லை. ஆனால் நான்கு நாள் கண் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. "பாதை போயிட்டா?" என்று கேட்டார். பாதை என்று நாங்கள் சொல்வது, பாலம் வருவதற்கு முன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வந்த பெரிய மிதவையை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்கு அவர் அந்த நாளில் அதில்தான் போவார். வேலைக்குப் பிந்திவிட்டதாக நினைத்துக் கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தார். இன்னும் வரவில்லை, படுங்கள் என்று சொன்னேன்.

பின்னேரம் மகள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். பேத்திக்கு அப்போது ஆறு வயது. அவர் மகளை யாரோ வேற்றுப் பெண் என்று நினைத்து மரியாதையாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பேத்தியைக் கிட்டக் கூப்பிட்டு, மகளின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டார். மகள் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் இளம் பெண். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி ஆறுதலாகக் கதைத்தார். தலையில் பலமாக அடிபட்டால் நினைவு இப்படிப் போகுமாம். போன நினைவில் பழையதுதான் முதலில் திரும்பும், புதியது பிந்தி வரும், விழுந்த நாளுக்குக் கிட்ட உள்ளவை வராமலே போகவும் கூடும் என்றார். இப்போதைக்கு நாங்கள் சொல்வதும் அவர் மனதில் நிற்காது, சில கிழமையில் அல்லது சில மாதத்தில் நிற்கத் தொடங்கும். ஒரு வருஷம் இரண்டு வருஷம் பார்த்தும் வராததை இனி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசியாக ஒன்று சொன்னார். "அம்மா, அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. பொய் மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. பிறகு அவருக்கு நம்ப ஒண்டும் இராது." நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்குப் பெரிய ஆட்களிடம் திருப்பிக் கேட்கத் தெரியாது. எதை எப்படிச் சொல்வது என்று அன்றே கேட்டிருக்கலாம்.

மூன்று கிழமையில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பாலத்தில் வரும்போது ஓட்டோவுக்குள் இருந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "ஓம், பாலம் கட்டினதுதானே" என்று தானாகச் சொன்னார். மகளையும் அதற்குள் அடையாளம் தெரிந்திருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. டொக்டர் சொன்னபடி பழையது முதலில் வருகிறது, மற்றதும் வரும் என்று நினைத்தேன்.

வாசலில் இறங்கியதும் அவர் நேராக முன்வீட்டுக்குள் போய் உள்அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மகளுக்கு நிக்காஹ் முடிந்த அன்றே முன்வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, கிணற்றடியில் போட்ட இரண்டு அறைக்கு நாங்கள் மாறிவிட்டோம். அப்போது அது நடந்து எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் அதற்கு முன் ஒன்றிரண்டும் அவரிடம் இல்லை. அவர் படுத்திருந்தது மருமகனின் கட்டில்.

மருமகன் ஐஸ் லொறி ஓட்டுகிறவர். தோப்பூர் ஆள். தன்மையான பிள்ளை. ஆனால் அந்த எட்டு வருஷத்தில் நான் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மாமியார் மருமகன் முன்னால் நிற்காத பழக்கம் முந்தி எல்லா வீட்டிலும் இருந்தது. இப்போது விட்டுவிட்டார்கள். எனக்கு விட ஏலவில்லை, கூச்சம். சாப்பாடு ஆக்கி மூடி வைப்பேன், ஏதாவது சொல்வதென்றால் மகளிடம் சொல்லி அனுப்புவேன். அவர் வந்தால் குசினிக்குள் போய்விடுவேன்.

அன்று பொழுதுபட அவர் வேலை முடிந்து வந்தபோது, என் கணவர் எழும்பி இருந்துகொண்டு, "ஆரு இவர்?" என்று என்னைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். உங்கள் மருமகன் என்று சொன்னால் நெஞ்சு அடைத்துப் போவாரோ என்று பயந்தேன். என் தாத்தாவின் மகன், வேலைக்காக வந்து கொஞ்ச நாள் நம்மோடு நிற்கிறான் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தாத்தா என்றால் எங்கள் பேச்சில் மூத்த சகோதரி. மருமகன் வெளியே போனார். அன்றிலிருந்து நாற்பது நாள் அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி போல, பின்னால் கிணற்றடி அறையில் படுத்தார். என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவருக்கு எதுவும் மனதில் நிற்காத நாள்கள் அவை. காலையில் சொன்னது பகலுக்கு இராது. பொய் சொல்வது பழகிவிட்டது, அதைத்தான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

அதை உடைத்தது பேத்திதான். அவளை அவர் அயல்வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தார். ஒரு நாள் லொறி வந்து நின்றதும் அவள், "வாப்பா வந்திட்டாரு" என்று தகப்பனிடம் ஓடினாள். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மகள் அவர் காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு நிக்காஹ் முடிந்தது, இது தன் பிள்ளை, அவர் தன் மாப்பிள்ளை.

"என்ட மகள ஆரு குடுத்த?" என்று கேட்டார் அவர்.

தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகளைக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்குத்தான். அவர்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னார். ஊரே கேட்டது. ஆனால் அவரிடம் அந்த நாள் இல்லை. தான் கொடுக்காத மகள் ஓர் அந்நிய ஆணோடு ஒரே வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. சோறு வேண்டாம் என்றார். மகளைப் பார்க்க மாட்டேன் என்றார். புதிது மனதில் நிற்கத் தொடங்கிய நேரம் அது, அடுத்த நாளும் அவர் இதை மறக்கவில்லை.

மகள் கலியாண அல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். தன்னை அடையாளம் கண்டார், தொப்பியைக்கூடத் தெரிந்தது. "ஓம், இது நான்தான். இந்த மனிசன் என்ன சொன்னானெண்டு படத்தில இல்லையே" என்றார். அந்த நிக்காஹை நடத்திய பள்ளிவாசல் லெப்பை வந்து பதிவுப் புத்தகத்தில் அவர் போட்ட கையெழுத்தைக் காட்டினார். இந்த நிக்காஹ் சரியானது, ஒரு குறையும் இல்லை, நான் அறியச் செய்தது என்று பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்டு இவர் தலையாட்டினார். லெப்பை போனதும், எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் தெரியாது என்று அழுதார். அதுவரை நான் அவர் அழுது கண்டதில்லை.

ஆறு மாதம் ஆனது. இதற்குள் புதிதெல்லாம் நன்றாக மனதில் நின்றது. நேற்று யார் வந்தார்கள், என்ன கறி என்றெல்லாம் சொல்வார். அந்த எட்டு வருஷம் மட்டும் வரவில்லை. மருமகனைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார். மருமகன் வரும் நேரம் பிந்திக்கொண்டே போனது. இந்தக் குடும்பம் என் கண் முன்னால் உடையப் போகிறது என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் என் மதினி, என் கணவரின் அக்கா, ஒரு யோசனை சொன்னார். "திரும்ப ஒருக்கா கையப் புடிச்சுச் சொல்ல வைங்களன். லெப்பையும் வாணாம், பெரிசா ஆக்கவும் வாணாம், தேத்தண்ணி குடுத்தாக் காணும். கிழவன்ட மனசு ஆறிடும்." மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும் என்று நினைத்தேன். மகள் அதைத் தன் மாப்பிள்ளையிடம் கேட்டாள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்ப எட்டு வருஷமா நான் இந்த ஊட்டுல ஆரு?" என்றார் அவர். சத்தம் போடவில்லை. "உங்கட உம்மா என்னத் தன்ட தாத்தாட மகனெண்டா. பொறுத்தன். இப்ப புதுசா நிக்காஹ் முடிக்கிறதெண்டா, என்ட புள்ள ஆரு?"

அடுத்த நாள் உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு தோப்பூருக்குப் போய்விட்டார். பேத்தி வாசல் படலைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மகள் என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இரண்டு கிழமை அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

ஒரு நாள் நான் என் கணவர் பக்கத்தில் போய் இருந்தேன். நிக்காஹ் அன்று பெண்களெல்லாம் உள்ளே இருந்தோம், நான் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன், உங்கள் குரலில் அந்தச் சொல் வந்தது, இரண்டாவது சொல்லில் குரல் தழுதழுத்தது, தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்லி முடித்தீர்கள் என்றேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்க ஆளும் இருக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "செருமினனா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப அது நான்தான்" என்றார். அழுகை வந்தால் செருமி அடக்குவது அவர் வழக்கம்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் மூதூர் போய் பஸ் மாறித் தோப்பூருக்குப் போனோம். வழியெல்லாம் அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார், கூட்டத்தில் விட்டுவிடுவேனோ என்று. மருமகனின் தாய் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். மருமகன் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்ததும் எனக்குக் குசினி எங்கே என்று கண் தேடியது. வேற்று வீடு, போக இடமில்லை.

"மகன்" என்றேன். அதுதான் அவர் முகம் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை. "பிழை என்ட. உங்கள மறச்சதும் நான், மதினி சொல்லக்குள்ள பேசாம நிண்டதும் நான். மகள்ல ஒண்டும் இல்ல."

அவர் என் கணவரைப் பார்த்தார். எனக்கு மாமா ஒன்றும் திரும்பச் செய்ய வேண்டாம், வா என்று அவர் வாயால் சொன்னால் வருகிறேன் என்றார்.

என் கணவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "தம்பி, உங்களுக்கு மகளக் குடுத்தது எனக்கு நினைவில்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்திட்டன், வருதில்ல. இனி வராமப் போகவும் கூடுமெண்டு டொக்டர் சொல்லிட்டா. ஆனா இவ கதவுக்குப் பின்னால நிண்டு என்ட குரலக் கேட்டிருக்கா. இவ எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்ல. எனக்கு அது காணும். வாங்க ஊட்டுக்கு."

மருமகன் என் பக்கம் திரும்பினார். நாற்பது நாள் என் தாத்தாவின் மகனாகக் கிணற்றடி அறையில் படுத்தவர் அவர். ஒரு சொல் சொன்னால் போதும், என் கணவர் பிடித்திருந்த அந்த ஒன்றும் போய்விடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், "சரி மாமா, நெல்ல அள்ளிப் போட்டுட்டு வாறன்" என்றார்.

இது நடந்து இரண்டரை வருஷம். மருமகன் முன்வீட்டில் இருக்கிறார். என் கணவர் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், மருமகன் என்று வாயில் வருவதில்லை. அவர் வந்தால் எழும்பிப் போவதில்லை. எதிரில் இருந்து லொறி பற்றி, கப்பல் பற்றிக் கதைப்பார், புதிதாகப் பழகிய மனிதரோடு கதைப்பது போல. அந்த வருஷங்கள் வரவில்லை. கிளினிக்கில் இனி அதைக் கேட்பதுமில்லை. நானும் மருமகனோடு இப்போது கதைக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக.

ஏதாவது சந்தேகம் வந்தால் என் கணவர் என்னைத்தான் கேட்கிறார். பேத்தி பிறந்தபோது தான் எங்கே நின்றார், இந்த மாமரம் யார் நட்டது, தன் உம்மா மௌத்தானபோது தான் அழுதாரா என்றெல்லாம். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். ஒரு சொல் கூடிக் குறையாமல் இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். அந்த நாற்பது நாளை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வேறு யாரைக் கேட்பார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.