பஞ்சாட்சரத்தின் இரண்டாவது விசில்

பஞ்சாட்சரத்துக்குத் தன் குரல்மேல் அப்படியொரு பெருமை. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு உத்திரமேரூர் திரும்பியவர், லைசென்ஸ் வாங்கி, வீட்டு முன்னறையில் தானே ஒரு வயர்லெஸ் பெட்டி கட்டினார். தெருவில் அவர் பேசினால் நின்று கேட்க ஆளில்லை. பெட்டியில் பேசினால் இலங்கைக்காரன்கூடக் கேட்பான். குரல் இன்னும் கனமாகப் போகட்டும் என்று உள்ளே ஒரு திருகைத் திருப்பிவைத்தார். அடிக்குரல் நன்றாகப் போயிற்று, மேலே உள்ள கீச்சு ஒலி அடைபட்டது. பேச்சில் அந்தக் குறை தெரியவில்லை. நியூஸ் வாசிப்பவர் மாதிரி இருப்பதாக யாரோ சொன்னதை, எதிர்வீட்டுக்காரனான என்னிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

எண்பத்து மூன்றில், கழித்துக்கட்டிய டெலிபிரிண்டர் ஒன்றைப் பிடித்துவந்து பெட்டியோடு இணைத்தார். தட்டுகிற எழுத்து, அடிக்குரலில் ஒன்றும் கீச்சென்று ஒன்றுமாக இரண்டு விசில் சத்தங்களாக மாறிப் போகும். அந்தப் பக்கத்து மெஷின் இரண்டையும் கேட்டு மறுபடி எழுத்தாக அடிக்கும். ஒரு விசில் மெலிந்தாலும் காகிதத்தில் குப்பைதான் விழும். ஆந்திராவிலிருந்து பேசும் சாமுவேல் பணிவாகத்தான் சொன்னார்: "சார், உங்க ரெண்டாவது விசில் சன்னமா வருது. பெட்டிய கொஞ்சம் பாருங்களேன்."

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அவன் ரிசீவர் ஓட்டை. என் பெட்டிய கொற சொல்றான் பாரு" என்று என்னிடம் பொருமினார். நானும் தலையாட்டினேன், வம்பு எதற்கு என்று.

மறு வருஷம் மழைக்காலத்தில் புயல் ஆந்திரக் கரையை அடித்துப் போட்டது. தந்தி, போன் எல்லாம் அறுந்தன. காலனியிலிருந்து செங்கேணி ஓடிவந்தாள். அவள் புருஷன் சின்னப்பையன் அங்கே ரோடு வேலைக்குப் போயிருந்தான்.

"எங்க வூட்டுக்காரரு எங்க கீறாருன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா. கொயுந்தனாரு முனியன் பஸ் ஏற நின்னுக்கினு கீறாரு."

அங்கே நிவாரண முகாமில் வயர்லெஸ் பார்த்தது சாமுவேல்தான். பேச்சு அரசாங்க வேலைக்கு மட்டும், ஆள் விசாரணையெல்லாம் டைப்பில் வரட்டும் என்று அறிவித்திருந்தார். பஞ்சாட்சரம் பெயர், வயது, ஊர் அடித்து மூன்று நாள் அனுப்பினார். தன் பக்கக் காகிதத்தில் எழுத்து முத்துமுத்தாக விழுந்ததால் அங்கேயும் அப்படித்தான் விழுகிறது என்று நம்பினார். பதில் வரவில்லை.

"முகாம் லிஸ்ட்ல அவன் பேரு இல்லமா. வேற எங்கியோ பத்திரமா கீறான். முனியன் போயி இன்னா பண்ணப் போறான், வூட்லயே இருக்கச் சொல்லு."

லிஸ்டை அவர் பார்க்கவே இல்லை. பதில் வராததற்கு அவரே கொடுத்த அர்த்தம் அது. அதை நம்பி முனியன் போகாமல் நின்றுவிட்டான்.

எட்டாம் நாள் மனசு கேட்காமல் போனவன், தனியாகத் திரும்பினான். சின்னப்பையன் கால் நசுங்கி முகாமில் ஆறு நாள் கிடந்திருக்கிறான். ஊரிலிருந்து யாராவது வந்தார்களா என்று கடைசிவரை கேட்டானாம். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

பஞ்சாட்சரம் சாமுவேலைப் பேச்சில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். "ஒரே சமயத்துல நூறு பேர் கூப்பிட்டாங்க சார். ஒண்ணு மட்டும் மூணு நாளும் வெறும் குப்பையா விழுந்தது. அது நீங்கன்னே தெரியலை" என்றார் சாமுவேல்.

பெட்டியைத் திறந்தார். மீட்டரில் முதல் விசிலுக்கு நிமிர்ந்து நின்ற முள், இரண்டாவதற்கு அப்படியே விழுந்தது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் இரண்டும் சமமாக நின்றன. எனக்கு அவரைப் பார்க்க ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு காலனிக்கு நடந்தார். நானும் போனேன். செங்கேணி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என் பெட்டியிலதாமா. நான் அனுப்பினது அங்க போய்ச் சேரவே இல்ல. போன வருசமே ஒருத்தர் சொன்னாரு, நான் கேக்கல. இருவது நிமிச வேல. இப்பதான் சரி பண்ணேன்."

அவள் அழவில்லை.

"இருவது நிமிசந்தானாய்யா?" என்று கேட்டாள்.