பின்சீட்டுக்கு ஏற்ற ஸ்கூட்டர்

சாவியை அவரிடம்தான் நீட்டினாள் அந்தப் பெண்.

போன சனிக்கிழமை, தாம்பரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூம். விசாரித்தது நான். விலை கேட்டது நான். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுத்து, டிக்கியைத் திறந்து மூடி, டயரை அமுக்கிப் பார்த்ததெல்லாம் நான். அங்கே வேலை பார்க்கிற அந்தப் பெண்ணும் ரொம்ப நேரமாக என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் "டெஸ்ட் ரைட் போலாமா?" என்று கேட்டதும் அவள் கை என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் போனது.

அவரும் வாங்கிக்கொண்டார்!

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க முடிச்சூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஸ்கூட்டரில் போய் வந்தவள் நான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து வந்து, முதல் பெல்லுக்கு வகுப்பில் நின்றிருக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினால்? அவர் முன்னால், நான் பின்னால். யாரும் சட்டம் போடவில்லை. நானேதான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருவேன்.

உங்கள் பக்கமும் பாருங்களேன். காலையில் தனியாக ஆபீஸுக்குப் பறக்கிற பெண், சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் புருஷனைக் கண்டதும் இறங்கிவிடுவாள். வண்டி அவளுடையது. பெட்ரோல் அவள் போட்டது. இருந்தாலும் அவன் ஓட்டுவான், அவள் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் வருவாள். கேட்டால் இரண்டு பேருக்குமே காரணம் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் கிளாக்கோமா என்றார்கள். நேராகப் பார்த்தால் தெரிகிறது, பக்கத்தில் வருவது தெரிவதில்லை. டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் கறார். "சார், சொட்டு மருந்தை மறக்கக் கூடாது. அப்புறம், இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"அதனால என்ன, நான் ஓட்டறேன். நீங்க பின்னால உக்காருங்க" என்றேன் வெளியே வந்ததும்.

"பார்க்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ஒரே கல்யாணம், ஒரே மண்டபம்... நான் ஸ்கூட்டரில் போகிறேன், அவர் பின்னாலேயே ஆட்டோவில் வருகிறார். பேங்குக்குப் போனாலும் அப்படித்தான். கேட்டால், "உன் வண்டி ரெண்டு பேரை இழுக்காது" என்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. என் பழைய வண்டிக்கு வயசாகிவிட்டது. என் ஒருத்தியை வைத்துக்கொண்டே மேம்பாலத்தில் முக்கும்.

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் ஏழுமலை. இன்றைக்கு நாங்கள் குடியிருக்கிற மனையெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். அந்த உரிமையோ என்னவோ, எதையும் கேட்டுவிடுவார். ஒருநாள் நான் வண்டியை நிறுத்தித் தேங்காய் வாங்கும்போது என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த ஆட்டோ எங்களைத் தாண்டிப் போயிற்று.

"இன்னாக்கா, நீ வண்டில போற, சாரு ஆட்டோல போறாரு... வூட்ல எதுனா பேஜாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஏழுமலை."

"இல்ல, தெருவே பேசிகினு கீது. அதான் கேட்டேன்."

இதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மனுஷன் ஆட்டோவையும் விட்டுவிட்டார். ஆட்டோவை விட்டார் என்றால் என் வண்டியில் ஏறினார் என்று நினைக்காதீர்கள். வெளியே போவதையே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர் அவர். உடைந்த ரேடியோ, யாரோ கழற்றிப் போட்ட ஃபேன் மோட்டார், மூடி இல்லாத ஃபிளாஸ்க் என்று எதையாவது தூக்கி வருவார். நான் திட்டுவேன். அவர் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை சந்தோஷமாக இருப்பார். அதுவும் நின்றது. கண் டாக்டரிடம் அடுத்த செக்கப்புக்குப் போகவே, "என்ன அவசரம், பார்க்கலாம்" என்றார். பகல் முழுக்க ஹாலில் உட்கார்ந்து டி.வி.யில் செய்தி. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

கண்ணுக்காவது சொட்டு மருந்து இருக்கிறது. இதற்கு என்ன செய்வது? வாயும் கையும் ஓயாத மனுஷன் இப்படியே சோபாவோடு சோபாவாகிவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

வண்டி இழுக்காது என்பதுதானே உங்கள் சாக்கு? அந்தச் சாக்கை முதலில் பிடுங்குகிறேன் என்று முடிவு செய்தேன். புது வண்டி!

முடிவு செய்ததும் வந்து இறங்கினான் முரளி. என் கொழுந்தன். மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. எது வாங்குவதானாலும் பத்து வீடியோ பார்க்காமல் வாங்க மாட்டான்.

"அண்ணி, நூத்திப்பத்து சி.சி. எல்லாம் இப்ப யாரு வாங்கறா? நூத்தி இருபத்தஞ்சு எடுங்க. டபுள்ஸ் போனா பிக்கப் வேணும். இல்லேன்னா எலெக்ட்ரிக் போங்க. பெட்ரோலே வேணாம்."

எலெக்ட்ரிக் நல்ல வண்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பார்க்கிங் தரைத்தளத்தில் இருக்கிறது. முடிச்சூர் வெள்ளத்தில் அந்த பார்க்கிங்கில் நின்ற வண்டிகளின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்ததைப் பார்த்தவள் நான். சார்ஜ் போடும் பிளக்கை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை. என் பயம் எனக்கு.

வீடியோக்களையும் காட்டினான். எல்லாவற்றிலும் ஆறடி உயரத்தில் ஒரு வாலிபன், காலியான ரோட்டில், தனியாக ஓட்டுகிறான். எங்கள் ரோட்டில் வாரத்துக்கு ஒரு பள்ளம் தோண்டுவார்கள், அதை மூடுவதற்குள் தண்ணீர் லாரி இன்னொன்று போட்டுவிடும். காலடியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் நிற்க வேண்டும். எனக்கோ வயது அறுபதை நெருங்குகிறது, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. பின்னால் உட்காரப்போகிறவர் எண்பது கிலோ. இப்படி ஓட்டிக்காட்ட யாராவது வீடியோ போட்டிருக்கிறார்களா?

இந்தச் சூழ்நிலையில்தான் அந்த ஷோரூம். "பணம் கட்டும்போது நீங்க கூட இருக்க வேண்டாமா" என்று சொல்லி அவரையும் முரளியின் காரில் ஏற்றி அழைத்துப் போயிருந்தோம்.

சாவி அவர் கையில். முரளி என்னைப் பார்க்கிறான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையில் வைத்துவிட்டு, ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஓ, மேடம்தான் ஓட்டப் போறீங்களா? சாரி மேடம்! அப்ப சார் பின்னால உக்காரட்டும். ரெண்டு பேரா போனாத்தான் வண்டி இழுக்கறது தெரியும்" என்றாள்.

"இல்லம்மா, அவங்க பார்த்துக்கட்டும்" என்றார் நாற்காலியிலிருந்தபடியே.

முரளி எனக்குப் பின்னால் தாவி ஏறினான். முதலில் அவன் சொன்ன நூற்று இருபத்தைந்து. இழுப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யூ டர்னில் நிறுத்தினால் என் கால் கட்டைவிரல் மட்டும் தரையில் படுகிறது. வண்டி ஒருபக்கம் சாயப் பார்த்தது.

"பிக்கப் பார்த்தீங்களா அண்ணி!"

"ஓடும்போது எல்லா வண்டியும் ஓடும் முரளி. நிக்கும்போது கீழ போடாம இருக்கணும். எனக்கு அதுதான் முக்கியம்."

திரும்பி வந்ததும் அந்தப் பெண் நூற்றிப்பத்தை எடுத்து வைத்தாள். எடை குறைவு. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தது. காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கரும் இருந்தது. இப்போதெல்லாம் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, முடிச்சூர் ரோட்டிலேயே கிடைக்கும் என்றாள். எல்லாம் சரி. ஆனால் நிறைந்த பாரத்தோடு மேடு ஏறுமா?

"வாங்க அண்ணி, இதுலயும் நானே வர்றேன்" என்று முரளி ஹெல்மெட்டை எடுத்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"நீ வேணாம். நீ இருக்கறது மேடவாக்கத்துல. இந்த வண்டியில தினமும் உக்காரப்போறது உங்கண்ணன். அவர் உக்காந்து பார்க்காம நான் எதைப் பார்த்து வாங்கறது?" என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க, வர்றீங்களா இல்லையா? வரலேன்னா இந்த வண்டியே வேணாம். நான் ஒருத்தி சுத்தறதுக்குப் பழசே போதும். எனக்குத் தனியா எங்கயும் போக வேணாம்!"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. ஷோரூமில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அவர் எழுந்தார். முரளி கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது. நான் மனசுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

பத்தடி கூடப் போகவில்லை.

"பிரேக்... பிரேக்!"

"பிடிச்சிருக்கேங்க."

"லெஃப்ட்ல பாரு."

"பார்த்துட்டேன்."

"ஏன் இவ்ளோ ஓரமா போற?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தேன். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி தாண்டியது. அவர் தூக்கிவாரிப் போட்டுத் துள்ளினார். ஹேண்டில்பார் என் கையில் ஆட்டம் கண்டது. எப்படியோ சமாளித்து ஓரமாக நிறுத்தினேன். இரண்டு காலும் தரையில் இருந்ததால் விழவில்லை, அவ்வளவுதான்.

"ஒண்ணுமே தெரியலியே..." என்றார்.

சட்டென்று திரும்பினேன். "என்னங்க? கண்ணா? மங்கலா இருக்கா?"

"கண்ணு இல்ல. உன் ஹெல்மெட்டுதான் தெரியுது. முன்னால என்ன வருதுன்னு தெரியல. எப்ப பிரேக் போடுவ, எப்ப திரும்புவன்னு தெரியல..." தாண்டிப் போன பஸ் பக்கம் பார்த்தார். "பின்னால உக்காந்தா இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"இத்தனை வருஷமும் இப்படியா உக்காந்துட்டு வந்த?"

"ஆமா."

"பயமா இருக்காது?"

"இருக்கும்."

"அப்ப சொல்லியிருக்கலாமே!"

"ஆரம்பத்துல சொன்னேன். சொன்னா இன்னும் வேகமா போனீங்க. அப்புறம் விட்டுட்டேன்."

சண்டைக்காகச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். புதுசாகக் கல்யாணமான காலத்தில் அவர் அப்படி ஓட்டினது என்னைச் சிரிக்க வைக்கத்தான் என்று எனக்கும் தெரியும். நான் சிரிக்கவும் சிரித்திருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தது அவருக்குத் தெரியாது. முன்னால் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பவர் முகம் எங்கே தெரிகிறது?

எத்தனையோ பஸ், எத்தனையோ லாரி எங்களைத் தாண்டிப் போயின. பிறகு என் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. நடுரோட்டில், பட்டப்பகலில்! தெருவில் என் பக்கத்தில் நடக்கவே கூச்சப்படுகிற மனுஷன்.

"சரி, போ" என்றார்.

கிளம்பினேன். அப்புறம் எனக்கே என்ன தோன்றியதோ, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "பள்ளம் வருது." "இப்ப பிரேக் போடறேன்." "ரைட்ல திரும்பறேன், பஸ் தூரத்துல இருக்கு." வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போடுவேன், அந்தப் பழக்கம்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "ம்" வந்தது. தோளில் இருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. மேம்பாலத்தின் மேல் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. 'பிரேக்' என்ற வார்த்தை அதற்கப்புறம் ஷோரூம் வரும்வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். மைலேஜ், சர்வீஸ், டிக்கியில் எத்தனை கிலோ காய்கறி பிடிக்கும் என்பதையெல்லாம் எல்லா ஷோரூமிலும் சொல்வார்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஓட்டப்போகிறவரை ஓட்டவிட்டு, நீங்கள் ஒரு ரவுண்டு பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வண்டியைப் பற்றியும் தெரியும், வேறு சிலதும் தெரியும்.

நாங்கள் வந்து நின்றதும் முரளி ஓடி வந்தான். இன்னமும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"எப்படிண்ணா இருந்தது? பிக்கப் பத்தாதுல்ல? நூத்தி இருபத்தஞ்சே எடுத்துடலாமா?"

அவர் நிதானமாக இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னை ஏன்டா கேக்கற? ஓட்டறவங்களக் கேளு."