கம்பியைத் தொட்ட குழாய்

அறுவடை மெஷின் ஓட்டும் அவளுக்கு, ஓயாமல் பேசுவதால், ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். கணவருக்கு இடுப்பு வலி வந்து ஸ்டீயரிங்கை விட்டபோது, “தையல் மெஷினும் மெஷின்தான், இதுவும் மெஷின்தான்” என்று ஏறி உட்கார்ந்தவள். எட்டு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

அன்று மக்காச்சோள அறுப்பு. மெஷினின் தானியத் தொட்டி நிரம்பிவிட்டது. போனில் அக்காவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, தானியம் கொட்டும் நீளக் குழாயை வெளியே விரித்தாள். தூரத்தில் நின்ற லாரியை நோக்கி வண்டியை நகர்த்தினாள். வயலின் குறுக்கே மின்கம்பி போவதைக் காலையில் பார்த்தவள்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்தே போயிற்று. குழாய் கம்பியில் பட்டது. ‘டப்’பென்று வெடிச் சத்தம், தலைக்கு மேல் நீலப்பொறி பறந்தது.

லாரியிலிருந்து கொழுந்தன் ஓடிவந்தான். “அண்ணி, குதிங்க! நான் கையைப் பிடிச்சுக்கறேன்!”

“கிட்ட வராதே! வண்டி முழுக்க கரண்டு. பிடிச்சா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்! உள்ளே இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. மண்ணுலயும் கரண்டு பாயும், நீ முப்பதடிக்கு அந்தப் பக்கம் போ. யாரையும் விடாதே. மின்வாரியத்துக்குப் போன் போடு!”

அதட்டி முடித்ததும் கைகளை மடியில் கோத்து, எதையும் தொடாமல் உட்கார்ந்தாள்.

சேதி கேட்டு, பத்தடி நடக்கவே முனகும் கணவர் வரப்பில் ஓடிவந்தார்.

“இடுப்பு என்னங்க ஆச்சு?” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

“இடுப்பு கிடக்குது கழுதை! நீ இறங்கிடாதே!”

ஒரு மணி நேரம் இருவரும் கத்திக் கத்தியே பேசினார்கள். வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது வரைக்கும் வயல் முழுக்கத் தெரிந்துபோனது.

மின்வாரிய ஊழியர்கள் வந்து லைனை நிறுத்தி, இருமுறை சோதித்துவிட்டு, “இப்போ இறங்கலாம்மா. இவ்வளவு நேரம் இறங்காம இருந்தீங்களே, அதான் பிழைச்சீங்க” என்றார்கள். இறங்கியவள் மண்ணில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வேறொரு வயல். முதலில் நடந்து சுற்றி வந்தாள். கம்பி போகும் பாதைக்கு இரண்டு பக்கமும் தள்ளி, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டாள். போனைக் கொழுந்தனிடம் கொடுத்து, கம்பியைப் பார்த்துச் சொல்ல அவனைக் காவலுக்கு நிறுத்தினாள்.

“நேரமாகுதேம்மா” என்றார் வயல்காரர்.

“ஆகட்டும்ங்க. சோளம் எங்கேயும் ஓடிப்போயிடாது” என்றபடி குழாயை மடக்கியிருக்கிறோமா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள்.