எந்த ஆட்டோவும் அழைத்து வராத கடை

மாமாவின் ஆட்டோவில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய சோப்பு டப்பா இருக்கும். அதற்குள் பட்டுப்புடவைக் கடைகளின் விசிட்டிங் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார். ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்திலும் அவருடைய ஆட்டோ நம்பர் பேனாவால் எழுதியிருக்கும். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்களைக் கடை வாசலில் இறக்கிவிடும்போது அந்தக் கார்டைக் கல்லாவில் நீட்டுவார். அவர்கள் புடவை எடுத்தால் இவருக்குக் கமிஷன் வந்துவிடும். காஞ்சிபுரத்தில் இது ஊரறிந்த ஏற்பாடு, யாரும் ஒளித்துச் செய்வதில்லை. சின்ன வயதில் அந்தக் கார்டுகளில் சிரிக்கும் மணப்பெண்களை வரிசையாக அடுக்கி நான் கடை வைத்து விளையாடியிருக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டு மாடியறையில் வந்து தங்கியவர், அப்படியே குடும்பத்தையும் தாங்கிக்கொண்டார். என் பி.காம். படிப்புக்குப் பணம் கட்டியது அந்தக் கமிஷன்தான். பேச்சில் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் ஒரு வேன் வந்து நின்றால், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தே தமிழா தெலுங்கா என்று முடிவுசெய்து, அந்த மொழியிலேயே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கோபமும் அதே வேகத்தில் வரும். காலையில் வீட்டில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அவர் ஆட்டோவைக் கிளப்புகிற சத்தத்திலேயே தெருவுக்கே தெரிந்துவிடும்.

படிப்பு முடிந்ததும் விளம்பரத் துறைக்குப் போகப்போகிறேன் என்றேன். அம்மா நான் டிவியில் நடிக்கப்போகிறேன் என்று நினைத்துப் பதறிப்போனாள். அது எழுதுகிற வேலை என்று புரியவைக்கவே பெரும்பாடு ஆகிவிட்டது. சென்னையில் தங்கிப் படிக்க வசதியில்லை. கையில் ஒரு போன் இருந்தது, அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களையெல்லாம் வெறிபிடித்தவள் மாதிரி பார்த்தேன். ஆங்கிலம் வேகமாக ஓடினால் வேகத்தைக் குறைத்து வைப்பேன். வாத்தியார் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலிருக்கும். பாடம் முடிந்தால் சான்றிதழ் வரும். அத்தனையையும் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில்கூட இவ்வளவு காகிதம் கேட்கமாட்டார்களே என்று மாமா கிண்டல் செய்தார். அவற்றோடு சென்னை நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் போட்ட சிலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நீங்கள் எழுதிய விளம்பரம் ஏதாவது உண்டா, அதைப் பார்த்து யாராவது கடைக்கு வந்தார்களா?

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. பாடம் பார்ப்பதை நிறுத்தினேன். யார் யார் என்னென்ன விளம்பரம் இப்போது ஓட்டுகிறார்கள் என்று இலவசமாகத் தேடிப் பார்க்கிற வசதி இணையத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டுக் கடைகளின் விளம்பரங்களை அதில் ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு கோபுரம், ஒரு குத்துவிளக்கு, தலைகுனிந்த ஒரு மணப்பெண். சொந்தமாக எழுதிப் பழக, பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் வீட்டின் முன்கூடத்திலேயே புடவை விற்கும் நெசவுக் குடும்பத்து அக்காவைப் போய்ப் பார்த்தேன். காசு வாங்காமல் எழுதித் தருகிறேன் என்றதும் அவர் சம்மதித்தார். நானும் கோபுரம், குத்துவிளக்கு, மணப்பெண் போட்டு ஒன்று செய்து, புதியவர்களின் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் இணையக் குழு ஒன்றில் போட்டேன். யாரோ ஒரு புண்ணியவான், கடைப் பெயரைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள், இது யாருடைய விளம்பரம் என்று தெரிகிறதா என்று கேட்டிருந்தார். மூடிப் பார்த்தேன். எந்தக் கடைக்கும் பொருந்தியது.

அப்புறம் ரிவியூக்களைப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கடைகளைப் பற்றி வாங்கினவர்கள் எழுதியிருந்ததை, பாராட்டைத் தாண்டிப் புலம்பலையெல்லாம் படித்தேன். திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்தான். நாங்கள் கேட்ட கடைக்குப் போகாமல் ஆட்டோக்காரர் வேறு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார், கமிஷனையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டினார்கள். அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் பிள்ளையார்பாளையத்து அக்கா யாருக்கும் கமிஷன் கொடுப்பதில்லை, அதனால் எந்த ஆட்டோவும் அந்தச் சந்துக்குள் நுழைவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வரி தானாகவே வந்து விழுந்தது. ‘எங்கள் கடைக்கு எந்த ஆட்டோவும் உங்களை அழைத்து வராது. நாங்கள் கமிஷன் கொடுப்பதில்லை.’ மேலே ஆளில்லாத அந்தச் சந்தின் படம். கடைப் பெயரை மூடிப் பார்த்தேன். வேறு எந்தக் கடையும் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

அதைவிட நல்ல வரி எனக்கு வராது என்று தெரிந்தது. அதை வெளியிட்டால் வேலை கிடைக்க வழி உண்டு, வெளியிட்டால் மாமா ஆட்டோ ஸ்டாண்டில் தலைகாட்ட முடியாது என்பதும் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவன் சம்பாத்தியத்தில் படித்துவிட்டு அவன் பிழைப்பிலேயே மண்ணள்ளிப் போடுகிறாயே என்று அழாத குறையாகச் சொன்னாள். அவருக்குத் தெரியாமல் போட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போனை வைத்தேன். படித்தார். பாதி இட்லியோடு கையைக் கழுவிவிட்டுக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டோ கிளம்பிய சத்தத்தைக் கேட்டதும் இந்த விளம்பரம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வந்து முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே என் எதிரில் வந்து நின்றார்.

“போடு பாப்பா. நீ எழுதியிருக்கறது நெஜம்தான. நான் வேணாம்னு சொல்லி நீ வூட்லயே குந்திக்கினு இருந்தா, அப்பறம் நான் எதுக்கு உன்ன படிக்க வெச்சேன்? ஆனா ஒண்ணு, என் ஆட்டோவ மட்டும் படம் புடிச்சுப் போட்டுடாத.”

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

வரி பிடித்துப்போய்ப் பிள்ளையார்பாளையத்து அக்கா கொடுத்த கொஞ்சம் பணத்தில், சென்னையிலும் பெங்களூரிலும் கல்யாணப் புடவை தேடுகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி விளம்பரத்தை ஓடவிட்டேன். அதை யாருக்குக் காட்டுவது என்று வகைபிரிக்கவும் இணையத்தில்தான் கற்றுக்கொண்டிருந்தேன். அது எங்கள் ஊருக்குள் வராது என்ற தைரியம் வேறு. எப்படியோ ஸ்டாண்டில் ஒருவர் போனுக்கு வந்துவிட்டது. உன் அக்கா பெண் நம் வயிற்றில் அடித்துவிட்டாளே என்று எல்லோரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் வீட்டில் ஸ்டாண்டுப் பேச்சையே எடுக்கமாட்டார். தினமும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் விளம்பரத்தை நிறுத்திவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது. ஆட்டோ வராத கடைக்குப் போகவேண்டும், எப்படிப் போவது என்று ஆட்டோக்காரர்களிடமே கேட்டார்கள். ஸ்டாண்டே சிரித்திருக்கிறது. உன் வீட்டு விருந்தாளிகள், நீயே கூட்டிப்போ என்று மாமாவைத் தள்ளிவிட்டார்கள். கூட வந்த பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த வெயிலில் நடக்க முடியாது. மாமா ஏற்றிக்கொண்டு போனார். சந்துக்குள் இறக்கிவிட்டு, அவர்கள் புடவை எடுக்கும்வரை வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். வாடகை மட்டும் வாங்கினார். அக்கா வாசலுக்கு வந்து கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் தினமும் யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மற்ற ஆட்டோக்களும் அந்தச் சந்துக்குப் போயின.

ஒரு நாள் மாமா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“அந்த வரிய எடுத்துடு பாப்பா. எந்த ஆட்டோவும் வராதுன்னு போட்டிருக்கற, இன்னிக்கு நானே எத்தினி வாட்டி போய்க்கினு வந்தேன் தெரியுமா? இனிமே அது பொய்.”

அவர் சொன்னது சரிதான். அக்காவிடம் சொல்லிவிட்டு விளம்பரத்தை அன்றைக்கே நிறுத்தினேன். இணையத்தில் என் வேலைகளை வைத்திருந்த பக்கத்தில் மட்டும் அதை எடுக்காமல், கீழே ஒரு குறிப்புச் சேர்த்தேன். ‘இப்போது இது உண்மை இல்லாததால் நிறுத்தப்பட்டது.’

சென்னையில் ஒரு நிறுவனம் நேரில் வரச்சொன்னது. பேட்டி எடுத்த மேடம் என் சான்றிதழ்களைத் தொடவே இல்லை. அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்து, ஓடிக்கொண்டிருந்த நல்ல விளம்பரத்தை யாராவது நிறுத்துவார்களா என்று கேட்டார். எங்கள் மாமா ஆள் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார் மேடம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவர், முடித்ததும் எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்டார். இன்று அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். வாரம் முழுவதும் பற்பசைக்கும் பெயிண்ட்டுக்கும் வரி எழுதுகிறேன், நிம்மதியாக இருக்கிறேன். மாமா மற்ற கடைகளிடம் இன்னமும் கமிஷன் வாங்குகிறார். நான் அதைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்வதில்லை.

பேட்டி முடிந்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது மாமா என்றேன். ஏறு என்றார், அவ்வளவுதான். ஆட்டோ வீட்டுப் பக்கம் திரும்பாமல் பிள்ளையார்பாளையத்துக்குப் போய் அந்தச் சந்தில் நின்றது. நான் உள்ளே போய் வேலை கிடைத்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் பழக்கப்படி வாசலிலேயே நின்றுகொண்டார். இன்னிக்குப் பொடவ எடுக்க வந்தவர் நீங்கதான, உள்ள வந்து உக்காருங்க என்று அவரைக் கூப்பிட்டார் அக்கா. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். அவ்வளவு பேசுகிற மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா புடவைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தபோதுதான் வாய் திறந்தார்.

“நல்லதா எடுத்துப் போடுமா. இத்தன வருஷமா ஊர் ஜனத்தத்தான் பொடவ எடுக்கக் கூட்டிக்கினு போயிருக்கறேன். இன்னிக்குத்தான் எங்க வூட்டுப் பொண்ணக் கூட்டிக்கினு வந்திருக்கறேன்.”

அக்கா ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு புடவையும் கண்ணில் படவில்லை. நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.